முந்தானை ஊக்கு குத்தும் இடம்: பாலூட்டும் தாய் ஒருவருக்கு ஐ.சி.டி. பொருத்திய நிகழ்வு

ஐ.சி.டி. என்பது, இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறாகும்போது தானே ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடம்புக்குள் வைக்கும் பெட்டி. இத்தகைய இதயக் கருவி வைக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், கேத் லேப் (இதயக் குழாய்ச் சிகிச்சை அறை) டெக்னீஷியன்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். நோயாளியிடம் சம்மதம் வாங்கியாயிற்று. அவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். தழும்பைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம், வேண்டாம் என்றார். அதனால் படம் எதுவும் இல்லை.

பின்னணி

வயது 28. டெல்டா பக்கத்துச் சிற்றூர். தனியார் பள்ளி ஆசிரியை, அப்போது பிரசவ விடுப்பில் இருந்தார். முதல் குழந்தைக்கு நான்கு மாதம், தாய்ப்பால் மட்டும்தான். சிசேரியன் பிரசவம். ஒல்லியான உடம்பு, எடை 43 கிலோ.

பதினாறு வயதில் பள்ளி மணி அடித்தபோது ஒரு முறையும், பத்தொன்பது வயதில் விடுதியில் அலாரம் அடித்தபோது ஒரு முறையும் மயங்கி விழுந்திருக்கிறார். இரண்டு தடவையும் கை கால் இழுத்ததால் வலிப்பு என்று முடிவு கட்டி, சில வருடங்கள் வலிப்பு மாத்திரை சாப்பிட்டார். மூளை அலைப் பரிசோதனை சரியாகவே இருந்தது. இ.சி.ஜி. யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை, எடுத்திருந்தால் கையில் காகிதம் இல்லை. கல்யாணத்துக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், அப்புறம் எதுவும் வரவில்லை.

அன்று விடியற்காலை மூன்றரை மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். கணவர் காய்கறி மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுபவர், அவருடைய செல்போன் அலாரம் தலைமாட்டில் அடித்தது. குழந்தை மடியில் இருக்கும்போதே அவர் சரிந்தார். பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மானிட்டரில் போட்டபோது மறுபடியும் நினைவு தப்பியது. திரையில் அலைகள் முறுக்கிக்கொண்டு ஓடின: டார்சாட் என்னும் உயிராபத்தான துடிப்புக் கோளாறு. ஒரே ஷாக்கில் துடிப்பு திரும்பியது. மெக்னீசியம் கொடுத்து, அந்த மானிட்டர் தாளைக் கவனமாக மடித்துக் கோப்பில் வைத்து எங்களிடம் அனுப்பினார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் மூன்றாவது முறையும் வலிப்பு என்றே போயிருக்கலாம்.

என்ன கண்டோம்

இ.சி.ஜி.யில் க்யூ.டி.சி., அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் கீழறை மின்னேறி அடங்க எடுக்கும் நேரம், 530 மில்லிசெகண்ட், மிக நீளம். டி அலை (கீழறை மின் அடங்குவதைக் காட்டும் அலை) இரண்டு திமிலோடு இருந்தது. பொட்டாசியம் 3.2, கொஞ்சம் குறைவு. எக்கோ சாதாரணம். நீள் க்யூ.டி. நோயின் இரண்டாம் வகை என்று அப்போதே தோன்றியது. திடீர்ச் சத்தம் தூண்டுவதும், பிரசவத்துக்குப் பிந்தைய ஒன்பது மாதங்களில் ஆபத்து கூடுவதும் இந்த வகையின் குணம். பின்னால் வந்த மரபணு முடிவும் இந்த வகைக்குரிய கே.சி.என்.எச்.2 மரபணு என்றே சொன்னது.

மானிட்டர் தாளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருந்தது. டார்சாட் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு கூடுதல் துடிப்பு, பின்னாலேயே நீண்ட இடைவெளி. எந்தக் கருவி என்ற முடிவு பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் எடுத்தோம்.

பொட்டாசியத்தைச் சரிசெய்து, துடிப்பை அடக்கிவைக்கும் புரோப்ரனலால் மாத்திரை தொடங்கினோம். தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே சேரும் என்பதால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்று அன்றே சொன்னோம். இதய நிறுத்தத்திலிருந்து பிழைத்தவர், முன்பே இருமுறை விழுந்தவர். மாத்திரையோடு ஐ.சி.டி.யும் வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை.

எந்தக் கருவி

தோலுக்கடி ஐ.சி.டி. ஒரு வழி. இதயத்துக்குள் வயர் போகாது. ஆனால் பெட்டி இடது விலாவில், அக்குளுக்குக் கீழே, பிரா பட்டை சுற்றிவரும் உயரத்தில் உட்காரும். எடை ஏறக்குறைய 130 கிராம். 43 கிலோ உடம்பில், குழந்தையை அணைத்துப் பிடிக்கும் அதே பக்கத்தில் அது வரும். அதைவிட முக்கியம், ஷாக் கொடுத்தபின் சில விநாடிகள் தவிர அந்தக் கருவி இதயத்துக்குத் துடிப்பு கொடுக்காது. இவருக்கோ இடைவெளிதான் டார்சாட்டைக் கிளப்புகிறது. அந்த இடைவெளி விழாமல் மேலறையிலிருந்து துடிப்பு கொடுக்கிற கருவி தேவைப்பட்டது. உயரமான டி அலையைத் துடிப்பென்று எண்ணி வீணாக ஷாக் கொடுத்துவிடுமோ என்ற கவலையும் இருந்தது. ஆகவே சிரை (ரத்தக் குழாய்) வழியாக மேலறைக்கு ஒன்றும் கீழறைக்கு ஒன்றுமாக வயர் போகும் இரட்டை அறை ஐ.சி.டி. என்று முடிவு செய்தோம். இத்தனை இளம் வயதில் இரண்டு வயர் எதற்கு என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். மானிட்டர் தாளில் அந்த இடைவெளி இல்லாதிருந்தால் நானும் ஒற்றை வயரோடு நிறுத்தியிருப்பேன்.

சிரைவழி ஐ.சி.டி.யின் பெட்டி 70, 80 கிராம் இருக்கும், தடிமன் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பேஸ்மேக்கரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கனம்.

எங்கே வைப்பது

என் பழக்கத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இடது காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே குறுக்கு வெட்டு, தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு பை, அதில் பெட்டி. ஆணோ பெண்ணோ, பதினெட்டோ எண்பதோ, கேட்டது ஒரே கேள்வி: இடது கைப் பழக்கமா? இல்லையென்றால் இடது பக்கம். மேசையில் மல்லாந்து படுத்தபின் பேனாவால் கோடு போடுவோம். படுத்திருக்கும் பெண்ணின் மார்பும் தோளும் நிற்கும்போது இருக்கும் இடத்தில் இருப்பதில்லை என்பது யோசித்தால் யாருக்கும் தெரியும். நான் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது இதற்கு முன் வந்த ஒரு பேஸ்மேக்கர் நோயாளி, முப்பதுகளில் இருந்தவர். வைத்து எட்டு மாதத்தில் பெட்டியின் மேல் விளிம்பில் தோல் சிவந்து மெலிந்துபோய் வந்தார். பிரா பட்டை சரியாக அந்த விளிம்பின் மேல் ஓடியது, வேலைக்குப் போகும்போது மாட்டும் தோள்பையின் வாரும் அங்கேயே விழுந்தது. தோல் பிய்ந்து கிருமி தொற்றியிருந்தால் பெட்டி, வயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். அதற்குமுன் பிடித்துப் பையை ஆழமாக மாற்றினோம். ஆறாவது மாதமே அவர் ஓ.பி.யில் சொன்னாராம், பட்டை உரசுகிறது, பார்க்கவும் நன்றாக இல்லை என்று. எங்கள் குறிப்பில் ‘அழகு குறித்த கவலை, ஆறுதல் சொல்லப்பட்டது’ என்று இருக்கிறது. எழுதியது நான்தான்.

இந்த முறை எங்கள் கருவிப் பிரிவின் மூத்த சிஸ்டர் அறுவைக்கு முந்தைய நாளே வார்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன், அறைக்குள் மாமியார், அம்மா, கணவர் எல்லாரும் இருந்தார்கள். மாமியார்தான் முதலில் பேசினார்: “வெளிய தெரியுமா டாக்டர்? நாலு பேர் கேப்பாங்களே.” நோயாளி குழந்தையைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருந்தார். சிஸ்டர் எல்லாரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டார்.

“உனக்கு என்னம்மா தோணுது?”

“மத்தவங்களுக்குத் தெரிஞ்சா பரவால்ல சிஸ்டர். குளிக்கும்போது குனிஞ்சா என் கண்ணுல படக் கூடாது. அதப் பாத்தா அன்னிக்கு ராத்திரிதான் ஞாபகம் வரும்.”

குடும்பம் கேட்டதும் இவர் கேட்டதும் ஒன்றல்ல. ஜாக்கெட்டுக்குள் மறைந்துவிட்டால் மாமியாரின் கவலை தீர்ந்தது, அதற்கு வழக்கமான வெட்டே கிட்டத்தட்டப் போதும். குனிந்தால் கண்ணில் படாத இடம் வேறு.

பிறகு சிஸ்டர் அவரைத் தினசரி கட்டுவதுபோல் புடவை கட்டச் சொன்னார். முந்தானையை மடித்துத் தோளில் போட்டு ஊக்கு குத்தினார். ஊக்கு விழுந்த இடத்தைப் பார்த்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்: நான் வழக்கமாகப் பெட்டியின் மேல் விளிம்பு வரும் என்று கணக்குப் போடும் இடத்துக்கு ஒன்றரை விரல் தள்ளி. பள்ளிக்கூடம் திறந்தால் தினமும் காலையில் அவசரமாகக் குத்தும் ஊக்கு அது. சிஸ்டர் தோல் பேனாவால் அங்கே ஒரு புள்ளி வைத்தார். பிரா பட்டையின் இரு ஓரத்துக்கும் கோடு. அப்புறம் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் எடுக்கச் சொன்னார், தலை சாயும் இடத்தில் ஒரு வட்டம். உட்காரவைத்து, நிற்கவைத்து, இடது கையைத் தூக்கச் சொல்லி, எல்லாவற்றுக்கும் கோடு. கடைசியில் பார்த்தால் இடது காறை எலும்புக்குக் கீழே என் பழைய வெட்டுக்கு இடமே மிஞ்சவில்லை.

“வலது பக்கம் வெச்சா என்ன சார்? அங்க ஊக்கு இல்லியே?” என்றார் நோயாளி. நல்ல கேள்வி. பேஸ்மேக்கராக இருந்தால் தாராளமாக வைத்திருக்கலாம். ஐ.சி.டி.யில் பெட்டியே ஒரு மின்முனை, ஷாக் வயரிலிருந்து பெட்டிக்குப் பாய வேண்டும், நடுவில் இதயம் அகப்பட வேண்டும். இடது பக்கத்திலிருந்து அந்தப் பாதை நன்றாக அமையும். வலது பக்கம் வைத்தால் கூடுதல் சக்தி தேவைப்படலாம். இதை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டார்.

மார்பகத்துக்கு அடியில், கீழ் மடிப்பில் வெட்டி, மார்பகத்தின் பின்னால் பெட்டியை வைப்பது இன்னொரு முறை. தழும்பு மறைவதைப் பொறுத்தவரை அதற்கு இணையில்லை. சிரைக்குள் நுழைய மேலே ஒரு சின்ன வெட்டு தனியாக வேண்டும், அங்கிருந்து வயரைத் தோலுக்கடியில் கீழே இழுத்துவர வேண்டும், நீளமான வயர் வேண்டும். பெட்டி கனத்தில் கீழே இறங்கினால் வயரில் இழுவிசை கூடும். மற்ற யாருக்காவது இதைக் குறைந்தபட்சம் யோசித்திருப்போம். பால் சுரந்துகொண்டிருக்கும் மார்பகத்துக்குப் பின்னால் ஓர் அந்நியப் பொருளை வைக்க எனக்கும் மனம் வரவில்லை, கூட வந்த பிளாஸ்டிக் சர்ஜனுக்கும் வரவில்லை. பால் நின்றபின் மார்பகத்தின் அளவு மாறும். இன்று சரியாக உட்கார்ந்த பெட்டி அன்றைக்கு எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

மிஞ்சியது இதுதான்: அக்குளின் முன் மடிப்பை ஒட்டி, மடிப்போடு இணையாக ஐந்து சென்டிமீட்டர் வெட்டு, அதன் வழியாகப் பெரிய மார்புத் தசைக்கு அடியில் பை, அதே வெட்டின் மேல் முனையிலிருந்து அல்ட்ராசவுண்ட் பார்த்து அக்குள் சிரையில் ஊசி. கையை இறக்கினால் வெட்டு மடிப்புக்குள் போய்விடும். தசை மூடுவதால் பெட்டியின் விளிம்பு தோலைக் குத்தாது. ஒல்லியானவருக்கு இது அழகு மட்டுமல்லாமல் பாதுகாப்பும்கூட. விலையும் உண்டு, அதை மறைக்காமல் சொன்னோம்: வலி கூடுதல், ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடுதல், பேட்டரி மாற்றும்போது தசையை மறுபடி விலக்க வேண்டும், பெட்டி பெரிய மார்புத் தசைக்கடியில் இருப்பதால் கையை ஓங்கினால் அது நகர்வது தெரியும்.

பழைய தழும்புகளையும் பார்த்தோம். நம் தோலில் மார்பும் தோளும் கீலாய்டு (மேடாகத் தடித்த தழும்பு) வளர்வதற்குப் பேர்போன இடம். சிசேரியன் தழும்பு மெல்லிய கோடாக இருந்தது. காது, மூக்கு குத்திய இடங்களில் முடிச்சு இல்லை. இடது புஜத்து பி.சி.ஜி. தழும்பு மட்டும் லேசாக மேடு. பரவாயில்லை என்று தோன்றியது.

மூத்த மருத்துவர் ஒருவர் இத்தனை ஏற்பாட்டையும் கேட்டுவிட்டு, “உயிர் பிழைச்சதே பெருசு, இதுக்குப் போய்…” என்று இழுத்தார். அவர்மேல் கோபமில்லை. 1958இல் ஸ்டாக்ஹோமில் முதல் பேஸ்மேக்கரை உள்ளே வைத்தபோதும், 1980இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் ஐ.சி.டி.யை வைத்தபோதும் பெட்டி போன இடம் வயிறு. அந்த ஐ.சி.டி. கால் கிலோ இருக்கும். எங்கே வைக்கட்டும் என்று கேட்க அப்போது வேறு இடம் கிடையாது. இப்போது கேட்க இடமிருக்கிறது.

அறுவை நாள்

மேசையில் பெண்களின் மேலுடம்பைத் திறந்துபோட்டுவிட்டு ஆளாளுக்கு வேலை பார்ப்பது கேத் லேப்களில் சகஜம். சுத்தம் செய்யும்வரை துணியால் மூடிவைத்தோம், தோலைத் தயார்செய்தது இரண்டு பெண் ஊழியர்கள். மயக்கவியல் மருத்துவர் உடனிருந்தார், தசைக்கடியில் போவதென்றால் மரப்பு ஊசி மட்டும் போதாது. வாந்திக்கு வழக்கமாகப் போடும் ஆண்டான்செட்ரான் க்யூ.டி.யை நீட்டும் என்பதால் ட்ரேயிலிருந்தே எடுத்துவிட்டோம். வெட்டுக்கு முன், கிருமி தொற்றாமலிருக்க, ஒரு டோஸ் செஃபசோலின்.

சிரையில் நுழைவது வழக்கத்தைவிடச் சிரமம், ஓரத்திலிருந்து வருவதால் ஊசியின் கோணம் தோதாக வரவில்லை. மூன்றாம் முயற்சியில் கிடைத்தது. பையையும் தையலையும் பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்துக்கொண்டார். எல்லாத் தையலும் தோலுக்கடியில் கரைந்துபோகும் நூல், வெளியே ஒரு முடிச்சும் இல்லை. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. எக்ஸ்ரேயில் நுரையீரல் சரி, வயர்கள் சரி. தழும்பை நினைத்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் இரவு

ரத்தம் கட்டாமலிருக்க அகலமான பிளாஸ்திரியால் இழுத்து ஒட்டியிருந்தோம். தோள்பட்டையின் பின்பக்கத்திலிருந்து மார்பின் நடுவரை அது இடது மார்பகத்தைப் பாதி மூடியபடி வந்தது. மயக்க மருந்து கொடுத்திருப்பதால் ஒரு நாள் பால் கொடுக்க வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. உண்மையில், தெளிவாக விழித்து எழுந்தபின் கொடுத்திருக்கலாம். குழந்தையைப் பாட்டி ஊருக்குத் தூக்கிப் போய் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். கேஸ் ஷீட்டில் பாலூட்டுவது பற்றி எங்கள் கையெழுத்தில் ஒரு வரி இல்லை.

இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு உடம்பு நடுங்கி 38.6 டிகிரி காய்ச்சல். கருவி வைத்தவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் முதலில் வரும் பயம் பையில் கிருமி. டியூட்டி டாக்டர் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். அதுவும் க்யூ.டி.யை நீட்டும் மருந்துதான். கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து இரவு சிஸ்டர் தடுத்தார். தடுத்த கையோடு, பிளாஸ்திரியின் ஓரத்தில் கைவைத்துப் பார்த்திருக்கிறார். மார்பகம் கல்லாக இருந்தது.

“பால் எடுத்தியாம்மா?”

“யாரும் சொல்லலியே சிஸ்டர்.”

பால் கட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்திரியைத் தளர்த்தி, வெந்நீர்த் துணி போட்டு, கையால் பீய்ச்சி எடுத்தார்கள். விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. காயம் சுத்தமாகவே இருந்தது, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. மறுநாள் குழந்தையை வரவழைத்தோம். புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பைப் பிடிக்க மூன்று நாள் அடம்பிடித்தது.

காலையில் நான் ரவுண்ட்ஸ் போனபோது அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்: “தழும்பு எங்க வரணும்னு ஒரு மணி நேரம் கேட்டீங்க சார். பால் குடுக்கறதப் பத்தி ஒருத்தரும் கேக்கல.”

அறுவைக்கு முந்தைய நாள் புடவையும் குழந்தையுமாக உட்காரவைத்துக் கோடு போட்டவர்கள் நாங்கள். குழந்தையின் தலை எங்கே சாயும் என்று வட்டம் போட்டவர்களுக்கு அது மறுநாள் எதைக் குடிக்கும் என்று தோன்றவில்லை.

ஆறு வாரமும் அதற்கு மேலும்

வயர் நகராமலிருக்க இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம் என்று சொல்வது வழக்கம். சொன்னோம். அவர் கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொண்டார். வலிக்கிறது, வயர் பிடுங்கிக்கொள்ளும் என்ற பயம் வேறு. ஆறாவது வாரம் வந்தபோது தோள் இறுகிப்போய், பின்பக்கம் கை கொண்டுபோய்ப் பிரா கொக்கி மாட்ட முடியவில்லை. பிசியோதெரபியில் இரண்டு மாதம் பிடித்தது. தசைக்கடியில் வைத்தவர்களுக்கு எது செய்யக் கூடாது என்பதோடு எதைத் தினமும் செய்ய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது: தோள் உயரத்துக்குக் கீழே கையை ஊசலாக ஆட்டுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது.

தழும்பு மூன்றாம் மாதம் லேசாகத் தடித்து அரித்தது. சிலிக்கான் ஷீட் ஒட்டச் சொன்னோம். அக்குளில் வேர்வையால் அது ஒட்டவே இல்லை, கழன்று கழன்று விழுந்தது. களிம்பாகக் கிடைக்கும் சிலிக்கானுக்கு மாறினார். ஒரு வருடத்தில் தழும்பு மடிப்புக்குள் வெளிறிய கோடாகிவிட்டது. குனிந்தால் தெரியவில்லை. அதை நாங்கள் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

பெட்டி முழுக்க மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பால் நிறுத்தியபின் எடை 41 கிலோவுக்கு வந்தது, கரும்பலகையின் மேல் ஓரத்துக்கு இடது கையை உயர்த்தினால் அக்குள் பக்கம் ஒரு விளிம்பு எழுந்து அடங்குகிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அழுத்துகிறது. ஊக்கு குத்தும் இடத்தில் தோல் சாதாரணமாக இருக்கிறது. அகலப் பட்டை உள்ள, கம்பி இல்லாத பிரா போடுகிறார். தோள்பை வலது தோளுக்கு மாறிவிட்டது.

பதினான்காம் மாதம் தீபாவளி வந்தது. தாய்வீட்டுக்குப் போனவர் மாத்திரை டப்பாவை மறந்துவிட்டார், இரண்டு நாள் புரோப்ரனலால் இல்லை. விடியற்காலை எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தபோது வாசலில் யாரோ அணுகுண்டு வெடிக்க, அவர் சரிந்தார். பெட்டி ஒரே ஒரு ஷாக் கொடுத்தது. கருவியின் பதிவில் டார்சாட், அது நின்ற நொடி, எல்லாம் தெளிவாக இருந்தன. ஓ.பி.க்கு வந்தபோது, “பெட்டி இருக்கறதே மறந்து போயிருந்தேன் சார், அதனாலதான் மாத்திரையும் மறந்துருச்சு போல” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கருவியை மறைத்துவைப்பதில் இப்படி ஒரு பக்கம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இப்போது மாத்திரை டப்பா ஒன்று கைப்பையிலேயே இருக்கிறது.

குடும்பத்தில் எல்லாருக்கும் இ.சி.ஜி. எடுத்தோம். தங்கைக்கு க்யூ.டி.சி. 490, அவரும் புரோப்ரனலால் சாப்பிடுகிறார். குழந்தைக்கு இதுவரை சாதாரணம்.

மாற்றிக்கொண்டவை

இப்போது எந்தப் பெண்ணுக்குக் கருவி வைத்தாலும் முந்தைய நாளே, உட்காரவைத்தும் நிற்கவைத்தும், தினசரி போடும் உடையோடு கோடு போடுகிறோம். புடவை என்றால் ஊக்கு, சுடிதார் என்றால் துப்பட்டா குத்தும் இடம், வேலைக்குப் போகிறவர் என்றால் பை, சீட் பெல்ட். எழுபது வயதுப் பாட்டிக்கும் இதேதான். ஒரு பாட்டி, “எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்” என்று வெட்கப்பட்டுவிட்டு, பேரனைத் தூக்கும் தோளைச் சரியாகக் காட்டினார். குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் தனியாகக் கேட்கிறோம். அதை நான் கேட்பதில்லை, சிஸ்டர் கேட்கிறார். என்னிடம் வராத பதில் அவரிடம் வருகிறது.

எல்லாருக்கும் தசைக்கடியில் வைப்பதில்லை. சதைப்பற்று உள்ளவருக்கு, வெட்டை மட்டும் அக்குள் பக்கம் நகர்த்தித் தோலுக்கடியிலேயே வைத்தால் போதும், அதற்கு பிளாஸ்டிக் சர்ஜன் தேவையில்லை, சிறிய ஊர்களிலும் செய்யலாம். மார்பகத்துக்கு அடியில் வைக்கும் முறையை, வயர் நீளம், பேட்டரி மாற்றம் எல்லாம் தெரிந்தபின்னும் நோயாளியே கேட்டால் மட்டும் பேசுகிறோம்.

பாலூட்டும் தாய்க்கு கேஸ் ஷீட்டில் தனி வரி இருக்கிறது: எப்போது மறுபடி பால் கொடுக்கலாம், அதுவரை எத்தனை மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், குழந்தை எங்கே தங்கும். பிளாஸ்திரி மார்பகத்தின் மேல் வரக் கூடாது. தோள் பயிற்சித் தாள் மூன்றாம் நாளே கையில். நாற்பதுக்கு மேல் மேமோகிராம் எடுக்கப் போனால் இடது பக்கம் கருவி இருப்பதை முதலில் சொல்ல வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்தோம்.

ஒன்றில் எனக்கு இன்னும் தெளிவில்லை. இவருடைய பேட்டரி எட்டு, பத்து வருடத்தில் தீரும். அன்றைக்கு நான் இங்கே இருப்பேனா தெரியாது. அந்தத் தசையை வடுவுக்கு நடுவே மறுபடி விலக்குவது எளிதாக இருக்காது, அப்போது பழைய பழக்கத்தில் யாராவது காறை எலும்புக்குக் கீழே நேராக வெட்டிவிடலாம். அதனால் அறுவைக் குறிப்பின் கடைசியில், சிஸ்டர் சொல்லச் சொல்ல, நான்கு வரி எழுதியிருக்கிறேன்: ‘வெட்டு அக்குள் முன்மடிப்பில். பெட்டி பெரிய மார்புத் தசைக்கு அடியில். வயர்கள் பெட்டிக்குப் பின்னால் சுருண்டிருக்கின்றன, கத்தி கவனம். வெட்டும்முன் நோயாளியிடம் ஊக்கு எங்கே குத்துகிறார் என்று கேட்கவும்.’